பேஷ்வா ஜெயித்திருந்தால்

கட்கி, புனே-3

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நீ தஞ்சாவூர் விடுதிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டாயா என்று தினமும் கேட்கிறாள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் ஜெயித்திருந்தால் அடிமைமுறை இன்னும் எத்தனை வருஷம் இருந்திருக்கும் என்று வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம், என் கருத்தைக் கேட்டிருந்தாய். பிரேசிலில் 1888 வரை இருந்தது. தென் மாநிலங்கள் எழுதிக்கொண்ட அரசியல் சட்டமோ, அடிமைகள் மேலுள்ள உடைமை உரிமையைப் பறிக்கும் எந்தச் சட்டத்தையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்று தடை போட்டிருந்தது. ஜெயித்திருந்தால் இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் இதே கேள்வியை நான் குடியிருக்கும் இந்த ஊரை வைத்தும் கேட்கலாம் பாப்பா. இங்கே விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கிறது.

1817 நவம்பர் 5 அன்று கட்கியில் மராத்தியரை ஆண்ட பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதின. கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் எல்பின்ஸ்டன், ஆறுகள் கூடும் சங்கமத்தில் இருந்த தன் மாளிகையை விட்டுக் கிளம்பி வந்து கம்பெனிப் படையோடு சேர்ந்துகொண்டார். அந்த மாளிகையைப் பேஷ்வாவின் ஆட்கள் கொளுத்தினார்கள். கம்பெனி பக்கம் சுமார் 3,000 பேர், பேஷ்வா பக்கம் அதைப்போலப் பல மடங்கு. பேஷ்வாவின் தளபதி பாபு கோகலேயின் குதிரைப்படை பாய்ந்து வந்தபோது நடுவே இருந்த சதுப்பில் குதிரைகள் சிக்கிக்கொண்டன. பார்வதி மலையிலிருந்து பேஷ்வா பார்த்துக்கொண்டிருக்க, பொழுது சாய்வதற்குள் போர் முடிந்தது. பன்னிரண்டு நாளில் பேஷ்வாவின் அரண்மனையான சனிவார் வாடாவில் கம்பெனிக் கொடி ஏறியது. 1818 ஜனவரி 1 அன்று புனேக்குப் பக்கத்தில் கொரேகாவில் மறுபடி சண்டை. ஜூனில் பேஷ்வா கம்பெனி அதிகாரி மால்கமிடம் சரணடைந்து, வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் பென்ஷனோடு கங்கைக் கரையில் பிட்டூருக்குப் போய்ச் சேர்ந்தார்.

பேஷ்வா ஆட்சியில் அடிமைகள் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். குன்பிணி, பட்டீக் என்று அவர்களைச் சொல்வார்கள். கோட்டைகளிலும் அரசாங்கத் தொழுவங்களிலும் சர்தார்களின் வீடுகளிலும் மாவரைத்து, சாணி மெழுகி, மாட்டுக்குத் தீனி வைத்து உழைத்தார்கள். அவர்களை விற்கலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம். ஒழுக்கம் தவறினாள் என்று குற்றம் சாட்டி ஒருத்தியை அடிமையாக்கவும் அரசுக்கு வழி இருந்தது. இதற்கு வெளியே, தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மஹார், மாங் மக்கள்மேல் கூலியில்லாத ஊர் வேலை சுமத்தப்பட்டிருந்தது. கட்கியில் பேஷ்வா ஜெயித்திருந்தால் இதெல்லாம் எத்தனை காலம் நின்றிருக்கும்?

ஜெயித்த கம்பெனி என்ன செய்தது என்பதை முதலில் பார். 1833இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் தன் சாம்ராஜ்யத்தில் அடிமைமுறையை ஒழித்தபோது, கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. இந்தியாவுக்கு 1843இல்தான் அடிமைமுறை பற்றிய ஐந்தாம் சட்டம் வந்தது. அதுவும் யாரையும் நேராக விடுதலை செய்யவில்லை. ஒருவன் தன் அடிமை என்று சொல்லி வந்தால் கோர்ட்டு அந்த உரிமையை ஏற்காது, வரிபாக்கிக்காக ஆளை ஏலம் விடக் கூடாது, முக்கியமாக இவ்வளவுதான். ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான். கட்கிக்கும் அதற்கும் நடுவே நாற்பத்துநாலு வருஷம் ஓடியிருந்தது.

நம் தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் மோசம். மிராசுதாரின் நிலத்தோடு சேர்த்துப் பள்ளரையும் பறையரையும் விற்றார்கள், ஒத்தி வைத்தார்கள். ஆளடிமை ஓலை எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் போட்டார்கள். 1819இல் மதராஸ் ரெவின்யூ போர்டு இதைப் பற்றிக் கலெக்டர்களைக் கேட்டு விவரம் சேகரித்தது. பயிர் நின்றால் வரி நிற்கும் என்ற பயம்தான் மேலோங்கியது, பழைய ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. தஞ்சாவூர் 1799 முதல் கம்பெனியின் நேரடி ஆட்சியில் இருந்த ஜில்லா என்பதை மறக்காதே.

இனி, வெள்ளைக்காரன் நேராக ஆளாத இடங்களைப் பார். திருவிதாங்கூர் ராஜா 1855இல் அடிமைமுறையை ஒழித்து அறிவித்தார். கொச்சி அதற்கு முந்தின வருஷம். இரண்டுக்கும் பின்னால் மிஷனரிகளின் மனுக்களும் ரெசிடென்ட்டின் நெருக்கடியும் இருந்தன. நேபாளத்தை யாரும் பிடித்து ஆளவில்லை. அங்கே பிரதமர் சந்திர சம்ஷேர் 1924இல் பேசி, எஜமானர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகளை விடுவித்தார். அதன் பிறகும் தராய்ப் பகுதியில் கமையா என்ற கடன் அடிமைகள் 2000ஆம் ஆண்டு ஜூலை வரை இருந்தார்கள். பேஷ்வா ஜெயித்திருந்தால் புனேயில் சட்டப்படியான ஒழிப்பு 1855க்கும் 1925க்கும் நடுவில் எங்காவது விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு. காகிதத்தில் இது பெரிய வித்தியாசம்தான். ஒரு குன்பிணிக்கு அது அவள் ஆயுளையே தாண்டிய வித்தியாசம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வயல்காட்டில் எத்தனை வித்தியாசம் இருந்தது? உன் கொள்ளுத்தாத்தா மன்னார்குடிப் பக்கத்தில் பண்ணையாளாக இருந்தது 1862க்கு ரொம்பப் பின்னால். கல்யாணத்துக்கு மிராசுதாரிடம் வாங்கிய நெல்லும் பணமும் தலைமேல் நின்றது. அது தீருகிறவரை வேறு பண்ணைக்குப் போகக் கூடாது, தீரவும் விடமாட்டார்கள். கூலி மரக்காலில் அளந்த நெல், அளக்கிற கையும் எஜமானர் ஆளுடையது. தாமதமாக வந்தால் சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால். உன் தாத்தா இரண்டாம் உலக யுத்த காலத்தில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். முதல் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிப் பார்த்தாராம், தொகை போதவில்லை என்பதால் அல்ல, நம் வீட்டில் ஒருவர் உழைப்புக்கு முழுதாகக் காசு கையில் வந்தது அப்போதுதான் என்பதால். அவர் இங்கே வந்த அதே காலத்தில்தான் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் அந்தச் சங்கத்தின் பலத்தால் நின்றன. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 அன்று கூலி உயர்வு கேட்டதற்காக வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். நாடு முழுமைக்குமான கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு 1976 வரை காத்திருந்தோம்.

அதனால் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான் பாப்பா. போரில் யார் ஜெயித்தார்கள் என்பது சட்டத்தின் தேதியை முன்னே பின்னே தள்ளும். ஆள் எப்போது நிஜமாக விடுபடுகிறான் என்பதை, அவன் காலுக்குக் கீழே சொந்தமாக நிலம் உண்டா, எஜமானனைத் தவிர வேறு இடத்தில் பிழைப்பு உண்டா, கூட நிற்க ஆள் உண்டா என்பதுதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவையே எடுத்துக்கொள். வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் 1865 ஜனவரியில் விடுதலையானவர்களுக்குக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை ஒதுக்கினார். அதே வருஷம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதில் பெரும்பகுதியைப் பழைய எஜமானர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். போரில் ஜெயித்த பக்கத்திலேயே இப்படி, அப்புறம் விடுதலையானவர்கள் வாரத்துக்கு உழுது கடனில் மாட்டினார்கள். நம் ஊரில் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, 1892இல் அவர்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அந்த நிலத்தில் எவ்வளவு இன்று பிறர் கையில் இருக்கிறது என்பது உனக்கே தெரியும்.

இதற்காகக் கம்பெனியின் வெற்றியால் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதிவிடாதே. கொரேகாவில் மதராஸ் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கிகளோடு நின்ற சின்னப் படையில் மஹார் சிப்பாய்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அங்கே நினைவுத் தூணில் வெட்டிய பெயர்களில் 22 பெயர், மஹார் பெயர்களுக்குரிய ‘நாக்’ என்று முடிகிறது. பட்டாளச் சம்பளமும் பட்டாளப் பள்ளிக்கூடமும் அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாசலைத் திறந்தன. அந்த வாசலையும் அதே அரசாங்கம் 1890களில் மஹார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தி மூடியது. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்கு வந்தார். மஹார்களை ஊர் வேலையில் கட்டிப்போட்ட மஹார் வதன் முறையை ஒழிக்க 1928இல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அது ஒழிந்தது 1958இல்.

உன் கட்டுரைக்கு நேராக உதவும் ஒரு விஷயம் சொல்கிறேன். 1848இல் இதே புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, 1873இல் ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) என்ற புத்தகத்தை எழுதினார். கறுப்பின மக்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப் பாடுபட்டதற்காக அந்தப் புத்தகத்தை அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். தன் நாட்டவரும் அந்த வழியில் சூத்திர மக்களை விடுவிக்க வேண்டும் என்ற ஆசையையும் சேர்த்து எழுதினார். அதே வருஷம் சத்தியசோதக் சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1882இல் கல்வி பற்றிய ஹண்டர் கமிஷன் முன்னால், உழைக்கிறவன் கட்டும் வரியில் மேல்சாதிப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். யார் ஆண்டாலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. பேஷ்வா ஆட்சியில் அவருக்கு இந்த வேலை இன்னும் கடினமாக இருந்திருக்கும், ஆனால் வெள்ளைக்காரன் ஆட்சியில் அவருக்குப் பதிலாக யாரும் அதைச் செய்துவிடவில்லை.

ஆகவே தெற்கு ஜெயித்திருந்தால் எத்தனை வருஷம் என்று ஒரு எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாதே. வடக்கு ஜெயித்த பிறகும் எத்தனை வருஷம் ஆனது, ஏன் ஆனது என்று எழுது. பெரிய பாட்டிக்கு இன்னும் நினைவு தெளிவாக இருக்கிறதே, விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பண்ணை வேலை, கூலி, கடன் எல்லாவற்றையும் கேட்டுப் போனில் பதிவு செய்துவிடு. அதைத் தள்ளிப்போடாதே. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. டிசம்பர் கடைசியில் இங்கே வந்தால் கஞ்ச் பேட்டையில் புலே வாடாவைக் காட்டுகிறேன். ஜனவரி முதல் தேதி கொரேகாவுக்கும் சேர்ந்தே போகலாம், அங்கே புத்தகக் கடைகள் நிறையப் போடுவார்கள். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசியில் கிடைக்காது.

அக்காவையும் மச்சானையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா