உம்மாவின் கையும் காரின் ஸ்டியரிங்கும்

கார் வைத்திருக்கும் ஊர்ச் சொந்தங்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நீளமான பதிவுதான். அதிவேகப் பாதையில் டயர் வெடிக்காமல் நாங்கள் தப்பி வந்த கதை இது. தப்பியதில் எங்கள் கெட்டித்தனம் பெரிதாக ஒன்றும் இல்லை.

நாங்கள் புருசன் பெண்சாதி இருவரும் ஆசிரியர்கள். எங்கள் கார் 2007ஆம் ஆண்டு ஜப்பான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் மீண்டும் திறந்தபோது வரியோடு சேர்த்துச் சொன்ன விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே இருப்பதைத்தான் பார்த்துப் பார்த்து ஓட வேண்டும். அப்படித்தான் சில மாதங்களுக்கு முன் முன்பக்கத்துக்கு இரண்டு பாவித்த டயர் வாங்கிப் போட்டோம். பூ நன்றாக இருந்தது, விலையும் பாதி. சந்தோசப்பட்டோம்.

ஊருக்குள் ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. பாடசாலை, சந்தை, கல்முனை என்று 50, 60இல் ஓடினால் கார் தண்ணீர் மாதிரிப் போகும். கொழும்புக்குப் போகும்போதுதான் தெரிந்தது. பொத்துவில், மொனராகலை, வெல்லவாய தாண்டி மத்தளையில் அதிவேகப் பாதைக்கு ஏறி 85ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். 95இல் கை மரத்துப் போகிற அளவு. 75க்கு இறக்கினால் அடங்கிவிடும். நாங்களும் 75இலேயே ஓடிப் போய் வந்தோம். நோயை விட்டுவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டோம்.

ஊர் கராஜில் காட்டினோம். நாங்கள் சொன்னது மூன்றே சொல்: "பாஸ், ஸ்டியரிங் நடுங்குது." அவர் ஒரு சுற்று ஓடிப் பார்த்தார், காரைத் தூக்கிப் பார்த்தார். "சேர், ரேக் போயிருக்கும் போல. மாத்திப் பார்ப்பம்" என்றார். பொருளும் கூலியுமாக 85,000 ரூபா. அடுத்த மாதம் செய்வோம் என்று முற்பணமும் கொடுத்தோம். அவர் எங்களை ஏமாற்றவில்லை. ஊர்ப் பாதையில் 50இல் ஓடிப் பார்த்தவருக்கு 90இல் வருகிற நடுக்கம் எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

இதற்கிடையில் உம்மாவுக்குக் கொழும்பில் கிளினிக் வந்தது. ஒரு வருடமாக அவவுக்குக் கை நடுக்கம். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி மடியில். இரவு 10 மணிக்கு வெளிக்கிட்டோம். அதிவேகப் பாதையில் நேரம் போய்விட்டதே என்று கொஞ்சம் மிதித்தபோது ஸ்டியரிங் ஆடியது. முன் சீட்டில் இருந்த உம்மா பார்த்துவிட்டு, "என்ன மகன், இதுக்கும் என்ட வருத்தமா?" என்று சிரித்தா. நாங்களும் சிரித்தோம்.

கிளினிக்கில் டொக்டர் உடனே ஸ்கேனுக்கு எழுதவில்லை. கேள்விதான் கேட்டார். கை சும்மா மடியில் இருக்கும்போது நடுங்குமா, கோப்பையை எடுக்கும்போது நடுங்குமா? ஒரு கையா, இரண்டு கையுமா? எப்போது கூடும், எப்போது குறையும்? குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா? உம்மாவின் வாப்பாவுக்கும் இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரியும். கடைசியில், நாங்கள் பயந்த நோய் இல்லை, வேலை செய்யும்போது வருகிற வேறு வகை நடுக்கம், மாத்திரையால் குறைக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை பிழையாகக் கணக்குச் செய்தால் சிவப்பால் கீறுவதற்கு முன், "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேள் என்றுதான் ஆசிரியர் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தக் கேள்வியைக் காரிடம் ஒரு நாளும் நாங்கள் கேட்கவில்லை.

அன்று கேட்டோம். எந்த வேகத்தில்? 85க்கு மேல். பிரேக் பிடிக்கும்போது மட்டுமா? இல்லை, சும்மா ஓடும்போதே. எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிற்குமா? இல்லை. எங்கே தெரிகிறது, ஸ்டியரிங்கிலா சீட்டிலா? ஸ்டியரிங்கில். எப்போது தொடங்கியது? இந்தக் கேள்வியில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டயர் மாற்றிய பிறகு.

வெலிப்பென்ன ஓய்விடத்தில் நிறுத்தினோம். முதலில் வீல் நட் எல்லாவற்றையும் சாவி போட்டுப் பார்த்தோம், இறுக்கமாகத்தான் இருந்தன. பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, டயரின் பூவிலும் உள்பக்கச் சுவரிலும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தோம். இடது டயரின் உள்பக்கத்தில் ஒரு இடம் கோழி முட்டையைப் பாதியாக வைத்தது போல வீங்கியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. அங்கேயே ஸ்பெயார் டயரைப் போட்டு, மெதுவாக ஓடி, அடுத்த வெளிவாயிலால் இறங்கி ஒரு டயர் கடைக்குப் போனோம்.

கடைத் தம்பி பழைய டயரைக் கழற்றி உள்ளே காட்டினார். உள்ளே இருக்கும் கம்பிப் பட்டி ரப்பரை விட்டுக் கழன்றிருந்தது. "இன்னும் கொஞ்சம் சூடாகியிருந்தால் வெடித்திருக்கும்" என்று சிங்களத்தில் சொன்னார். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். எங்களுடையதில் 1513 என்றிருந்தது. 2013ஆம் ஆண்டின் 15ஆவது கிழமையில் செய்த டயர். பூவைப் பார்த்து வாங்கிய நாங்கள் அந்த நான்கு இலக்கத்தைப் பார்க்கவில்லை. வலது சக்கரத்தை மெஷினில் போட்டால் 35 கிராம் பெலன்ஸ் இல்லை. ரிம்மில் ஒட்டியிருந்த ஈயம் எப்போதோ விழுந்திருக்கிறது.

35 கிராம் என்ன பெரிய பாரம் என்றுதான் நாங்களும் கேட்டோம். கணக்குப் பாருங்கள். எங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீற்றர் போகும். 100 கி.மீ. வேகத்தில் செக்கனுக்கு 15 சுற்று. அந்த வேகத்தில் ரிம்மின் ஓரத்தில் குறையும் 35 கிராம், சக்கரத்தை 5 கிலோவுக்கு மேல் இழுக்கும், செக்கனுக்கு 15 தடவை. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகும். அதனால்தான் ஊருக்குள் தெரிவதில்லை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரப் போகும்? அதுபோல காரின் இயல்பான ஆட்டத்தோடு சக்கரத்தின் தள்ளல் ஒத்துப் போகிற வேகத்தில்தான் நடுக்கம் உச்சத்துக்கு வரும்.

இரண்டு புது டயர், பெலன்ஸ். வேலை முடிந்தது. ரேக்கில் ஒரு குறையும் இல்லை. ஊருக்கு வந்து பாஸிடம் கதையைச் சொன்னோம். முற்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே சேர்" என்றார். நியாயமான பேச்சு.

நாங்கள் படித்ததை உங்களுக்கும் சொல்லி வைக்கிறோம்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், 80, 90, 100இல், ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் முன் சக்கர பெலன்ஸ். சீட்டும் தரையும் நடுங்கினால் பெரும்பாலும் பின் சக்கரம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்.

எக்சிலேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் குறைந்தால் டிரைவ் ஷாஃப்ட் பக்கம்.

மெதுவாக ஓடும்போதே கார் தத்தி நடந்தால் டயர் வீங்கியிருக்கலாம், குழியில் விழுந்து ரிம் வளைந்திருக்கலாம்.

கார் ஒரு பக்கம் இழுத்தால் அது எலைன்மென்ட். எலைன்மென்ட் வேறு, பெலன்ஸ் வேறு. நடுக்கத்துக்கு எலைன்மென்ட் செய்து காசைக் கரைக்காதீர்கள்.

வயல் பாதையில் ஓடி ரிம்மின் உள்ளே சேறு காய்ந்து ஒட்டினாலும் இதே நடுக்கம் வரும். முதலில் கழுவிப் பாருங்கள்.

போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் தேய்ந்திருந்தால் சிறிய நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அதையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் நட், டயர், பெலன்ஸ் பார்த்த பிறகு.

திடீரென்று தொடங்கிய நடுக்கம், நாளுக்கு நாள் கூடும் நடுக்கம் என்றால் ஓட வேண்டாம். நிறுத்துங்கள்.

போன கிழமை உம்மாவை மறுபடி கிளினிக்குக் கூட்டிப் போனோம். மத்தளையில் ஏறி 95இல் போனோம், ஸ்டியரிங் அசையவில்லை. உம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "காருக்குச் சுகம் வந்திட்டு மகன். இனி என்ட கைதான்."

மாத்திரை தொடங்கி ஒரு மாதம். கோப்பையை இப்போது இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறா. மடியில் ஊற்றுவது குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். துஆச் செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் டயரின் உள்பக்கத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.