மணலுக்கு முன்னால் கல்!

கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது, "என்ன மீன் விட்டிருக்கீங்க?" என்றுதான். "கல்லை எப்படி நிறுத்தினீங்க?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால், அம்பத்தூரில் இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுக்கப் பேச்சு அந்தக் கல்லைப் பற்றியேதான் இருந்தது.

எட்டாவது படிக்கும் மகனுக்கு 'நீமோ' மீன் வேண்டும். "உப்புத் தண்ணிக்கு எதுக்குடா காசு? நம்ம போர் மோட்டாரைப் போட்டாலே போதுமே!" என்றார் மாமியார். போர் தண்ணீரின் உப்பு வேறு, கடல் உப்பு வேறு. ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கென்றே விற்கும் கடல் உப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கலக்க வேண்டும்.

நாங்கள் வாங்கியது சின்னத் தொட்டிதான். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம். ஆனால், கணக்குப் போட்டால் 70 லிட்டர் தண்ணீர்! கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவை நெருங்கும். கீழ் வீட்டில் வயதான தம்பதி. எங்கள் சின்னவளுக்கு நாலு வயது. மீன் என்றால் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டுதான் நிற்பாள். ராத்திரி ஒரு கல் சரிந்து கண்ணாடியில் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்தபோதே எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆவடியிலிருந்து அப்பாவை வரச் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர்.

"கல்லே இல்லாம வெச்சா என்ன?" என்றுதான் அவரும் முதலில் கேட்டார். கல் அழகுக்கு மட்டும் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, மீனுக்கு விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள், நுண்துளைகள் நிறைந்த கல்லில்தான் பெருவாரியாகக் குடியேறும். அதனால் வழவழ கருங்கல் அவ்வளவு உதவாது.

பாடி தாண்டினால் கொளத்தூர். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர்போன இடம். அங்கே விசாரித்துக்கொண்டிருந்தபோது ஒருவர், "ராமேஸ்வரம் பவளக்கல்லு இருக்கு, வேணுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டோம். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு! மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்த காலம் ஒன்று உண்டு. அங்கே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. நம் வரவேற்பறைக்காக அங்கிருந்து இன்னொரு கல் வர வேண்டுமா?

தொட்டிக்கென்றே செய்த சிமென்ட் கல்லை வாங்கினோம். சிமென்ட்டின் காரம் தண்ணீரில் இறங்கும் என்பதால், நாலு வாரம் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் வேலை. மகன் முதலில் மணலைக் கொட்டப் போனான். "நிறுத்துடா கண்ணா! வீடு கட்டறவன் மணல் மேலயா சுவர் எழுப்புவான்?" என்றார். முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடி மேல் மெல்லிய அக்ரிலிக் தகடு. அதன் மேல் அடிக்கல். அதற்குப் பிறகு, கல்லைச் சுற்றித்தான் மணல். காரணம் இருக்கிறது. சில இறால்களும் மீன்களும் மணலைத் தோண்டி வளை அமைக்கும். மணல் மேல் உட்கார்ந்த கல், அடியில் மணல் போனதும் சாயும்.

அடுத்தது மூன்று புள்ளி. "முக்காலி ஆடிப் பாத்திருக்கியா? நாலு கால் ஸ்டூல்தான் ஆடும். நாங்க மெஷின்ல ஜாப்பை உக்கார வைக்கறதே மூணு புள்ளியிலதான்" என்று பேரனுக்குப் பாடம் நடந்தது. ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூன்று இடத்தில் அழுத்தமாகப் பதியும்படி வைத்தார். பெரிய கல் அடியில், சின்னது மேலே.

"கனமான கல்லுதானே தாத்தா, அதுவா நகரும்?" என்றான் மகன். "கிணத்துல குடம் தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் லேசு. மேல வந்தாத்தானே கனம் தெரியும்?" என்றார் அப்பா. கல்லுக்கும் அதே கதைதான். 4 கிலோ சிமென்ட் கல், தண்ணீருக்குள் ஏறக்குறைய பாதி எடையோடுதான் தன் இடத்தை அழுத்தும். ஒட்டாமல் அடுக்கிய சின்னக் கல்லை ஒரு பெரிய நத்தையே தள்ளிவிடும்.

அதனால் எடையை மட்டும் நம்பாமல், கற்களில் துளை போட்டு அக்ரிலிக் குச்சியைச் செருகினோம். இரும்பு துருப்பிடிக்கும். செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். இரண்டும் உள்ளே போகவே கூடாது. இணைப்புகளில் மீன் தொட்டிக்கென்றே விற்கும் எப்பாக்ஸி புட்டியைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து வைத்து, இரண்டு பக்கமும் ஜெல் பசை தடவி அழுத்தினோம். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு பக்கமும் நான்கு விரல் இடைவெளி. பாசி துடைக்கக் கை போக வேண்டும். கண்ணாடியில் கல் சாயவும் கூடாது. உயரமும் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை.

இவ்வளவையும் தொட்டிக்கு வெளியே, தகட்டின் மேல் வைத்துத்தான் செய்தோம். இரண்டு நாள் காயவிட்டு, ஒற்றை விரலால் நாலு பக்கமும் தள்ளினார் அப்பா. பிறகு மேஜையைக் கையால் ஓங்கித் தட்டினார். அசையவில்லை. அதன்பிறகே தகட்டோடு தூக்கி உள்ளே இறக்கி, மணல் போட்டு, தண்ணீர் விட்டோம். நுண்ணுயிர்கள் பெருகட்டும் என்று மீன் இல்லாமல் இன்னும் சில வாரம் காத்திருந்தோம்.

தூத்துக்குடி அருகே வான் தீவு அலையில் கரைந்து சுருங்கியபோது, அதைக் காப்பாற்றக் கடலுக்குள் கான்கிரீட் பாறைகளை இறக்கினார்கள். அடி அகலம், நுனி குறுகல், நடுவே துளைகள். படத்தை மகன் காட்டியதும் அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "சரியாத்தான் பண்ணியிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்!

நீங்களும் தொட்டி வைப்பதாக இருந்தால், மீன் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பண்ணையில் பொரித்த நீமோ மீன்கள் கிடைக்கின்றன, அவை எங்கும் போய்விடாது. முதலில் கல்லை ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். ஆடினால், தண்ணீர் விடும் நாள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.