பதினாறு ஞாயிறும் தோல்வி

2017ஆம் வருஷம் தீபாவளிக்கு நான் செய்த முறுக்கும் ரவா லாடுவும் டப்பாவில் அப்படியே கிடந்தன. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, துக்கமும் இல்லை. ஊர் டீம் தோற்றுக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். பதினொரு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் இருந்தால் உங்களுக்கும் புரியும்.

நாங்கள் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்டுக்கு வந்தது 2011ல். என் கணவருக்கு அங்கே வேலை. நான் பிளஸ் டூ வரை படித்துவிட்டு வீட்டோடு இருப்பவள். தியாகராஜ ஆராதனை நடக்கிற ஊர் என்று நம்மவர்களில் பலருக்குக் கிளீவ்லண்டைத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது 'பிரௌன்ஸ்' என்கிற ஃபுட்பால் டீமைத்தான். ஈரி ஏரிக்கரையில் அவர்களுக்குப் பெரிய மைதானம் இருக்கிறது. நாய் முகமூடி போட்டுக்கொண்டு குரைத்துக் கூச்சல் போடுவதற்கென்றே அங்கே ஒரு பக்கத்து இருக்கைகள் பேர்போனவை. முதல் தடவை டெலிவிஷனில் பார்த்தபோது நான் பயந்தே போனேன்.

ஃபுட்பால் என்று பெயரே தவிர, காலுக்கு வேலை கொஞ்சம்தான். மட்டை உரிக்காத சின்னத் தேங்காய் மாதிரி இருக்கிற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அல்லது வீசுகிறார்கள். பக்கத்துக்குப் பதினோரு பேர். நாலு சந்தர்ப்பத்துக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் ஆறு பாயின்ட். பந்தை வீசுகிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவர் தடுமாறினால் டீமே தடுமாறும். இவ்வளவு தெரிந்தால் போதும், நானும் இதை வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினேன்.

அந்த வருஷம் மொத்தம் பதினாறு ஆட்டம். பதினாறும் ஞாயிற்றுக்கிழமை. பதினாறிலும் தோல்வி.

முந்தின வருஷம் மட்டும் என்ன வாழ்ந்தது? பதினாறில் ஒன்றே ஒன்று ஜெயித்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஏரியில் குதிக்கிறேன் என்று கோச் ஹ்யூ ஜாக்சன் வாய் விட்டிருந்தார். அதனால் செப்டம்பர் 10ஆம் தேதி பிட்ஸ்பர்க்கோடு முதல் ஆட்டம் என்றதும் எங்கள் சின்னவன் காலையிலேயே ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். 21க்கு 18 என்று தோற்றார்கள். "மூணு பாயின்ட்தாம்மா, அடுத்த வாரம் பாரு" என்றான். அடுத்த வாரமும் தோல்வி. மூன்றாவது வாரமும் தோல்வி. நாலாவது வாரம் 31க்கு 7. அன்றைக்குச் சாதத்தைப் பிசைந்தவன் வாயில் வைக்காமல் எழுந்து போய்விட்டான்.

நான் செய்யக்கூடாததை எல்லாம் செய்தேன். "வெறும் விளையாட்டுதானேடா" என்றேன். பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். "போய்ப் பாடத்தைப் படி, அவங்க ஜெயிச்சா நமக்கு என்ன கொடுக்கப் போறாங்க?" என்றும் கேட்டேன். அவன் பதில் பேசாமல் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஞாயிறு ராத்திரி தூக்கம் இல்லாமல் புரள்வான். திங்கட்கிழமை எழுப்புவதற்குள் எனக்குப் பிராணன் போய்விடும்.

என் கணவர் வேறு தினுசு. ஆபீஸில் எல்லாரும் பேசுகிறார்களே என்று பார்க்க ஆரம்பித்தவர், பையனை விட அதிகமாக அதிலேயே முழுகிவிட்டார். ஆனால் கோபம் வராது. அந்த வருஷம் பந்து வீசிய டிஷோன் கைஸருக்கு இருபத்தோரு வயதுதான், முதல் வருஷ ஆட்டக்காரர். அவர் வீசியதை எதிராளிகள் பிடித்தது அந்த ஸீஸனில் மட்டும் 22 தடவை. ஒவ்வொரு தடவையும் இவர், "சின்னப் பையன், கத்துக்குவான். நல்ல கை இருக்கு" என்பார். எவ்வளவு பொறுமை என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஏன் தோற்றார்கள் என்று நீங்கள் கேட்டால், எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். 1999லிருந்து அதுவரை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குவார்ட்டர்பேக்குகளை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். கைஸரையும் ஆறாவது ஆட்டத்தில் உட்கார வைத்துவிட்டு இன்னொருவரை இறக்கினார்கள். அதிலும் தோற்று, மறுபடி இவரையே கூப்பிட்டார்கள். காய்ச்சல் குழந்தைக்கு இரண்டு நாளைக்கு ஒரு டாக்டர் மாற்றுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எந்த மருந்துக்கும் வேலை செய்ய அவகாசம் இருக்காது.

பக்கத்து வீட்டில் எண்பது வயதை நெருங்கிய ஓர் அம்மாள் இருந்தார். பிறந்தது முதல் அதே ஊர். புருஷன் போன பிறகு தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார், நான் போடும் டீயில் ஏலக்காய் வாசனை இருந்தால் இரண்டாவது கப் கேட்பார். 1964ல் பிரௌன்ஸ் சாம்பியன் ஆனபோது அவர் இளம் பெண்ணாம். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல், "இப்படித் தோற்கிற டீமை எதற்குப் பார்க்கிறீர்கள்?" என்று என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன்.

1995ஆம் வருஷக் கதையை அப்போதுதான் சொன்னார். டீமின் முதலாளி மொத்த டீமையும் பால்ட்டிமோர் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். 1996, 97, 98 மூன்று வருஷம் கிளீவ்லண்டுக்கு டீமே கிடையாது. பெயரும் நிறமும் மட்டும் ஊரில் தங்கின. 1999ல்தான் புது டீம் வந்தது. "அந்த மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்காரர் தோட்டத்தில் போய்ச் சும்மா நிற்பார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

தீபாவளி அந்த வருஷம் அக்டோபர் 18, புதன்கிழமை. அடுத்த ஞாயிறு, 22ஆம் தேதி, ஜோ தாமஸ் கையைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். குவார்ட்டர்பேக்கின் மேல் எதிராளி பாயாமல் மறித்து நிற்கிற வேலை அவருக்கு. 2007லிருந்து ஒரு தடவைகூட வெளியே போகாமல் தொடர்ந்து 10,363 முறை அந்த இடத்தில் நின்றிருக்கிறார். டீம் தோற்றாலும் அவர் நிற்பார். எத்தனை ஆரவாரம் வந்தாலும் அது பந்து பிடித்தவருக்குத்தான். (அடுப்படியில் நிற்கிற நமக்கு அவரைப் புரிந்துகொள்ள ஃபுட்பால் தெரிய வேண்டியதில்லை.) அன்றைக்குத்தான் என் பையன் வாய் விட்டு அழுதான். ரவா லாடு டப்பா திறக்கப்படாமல் போனதும் அன்றைக்குத்தான். நான் பஜ்ஜியும் போடவில்லை, புத்தியும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே ஒரு டவலை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

நவம்பர் 5ஆம் தேதி டீமுக்கு ஓய்வு வாரம். "அம்மா, இந்த வாரம் நாம தோக்கலை!" என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

டிசம்பர் 10ஆம் தேதி கிரீன் பே பாக்கர்ஸோடு ஆட்டம். கடைசிக் கால் பாகம் தொடங்கும்போது 21க்கு 7 என்று நாங்கள்தான் முன்னால். என் கணவர் எழுந்து நின்றுகொண்டே பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மாள் டீயைத் தொடவில்லை. பாக்கர்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 27க்கு 21 என்று ஜெயித்துவிட்டார்கள். "பாவம், நல்லாத்தான் ஆடினாங்க" என்றார் இவர்.

மறுநாள் சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பையனின் பையில் கை விட்டேன். அடியில் எட்டாக மடித்த காகிதம் ஒன்று தட்டுப்பட்டது. கணக்குப் பரீட்சைத் தாள். நூற்றுக்கு 41. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. தேதியைப் பார்த்தால் பத்து நாள் முந்தியது. பத்து நாளாக இதைச் சுமந்துகொண்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

அவரிடம் நானேதான் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாமோ என்று அடுத்த நிமிஷமே தோன்றியது. வீடு அதிர்ந்தது. இன்னார் பையன் 98 வாங்குகிறான், உனக்கென்ன குறை, தோற்றுப்போகிறவனுக்கு இந்த நாட்டில் இடமில்லை என்று வரிசையாக வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிவி முன்னாடி உட்கார்ந்தா இப்படித்தான்" என்று என் பங்குக்கு ஒன்று போட்டேன்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் மெதுவாக, "கைஸரை நீங்க ஒரு நாள்கூடத் திட்டினது இல்லையேப்பா" என்றான்.

எதிர்த்துப் பேசுகிறான் என்று அடித்துவிடுவாரோ என்று நான் குறுக்கே வந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலில் பனி தள்ளப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் தள்ளினார். அவ்வளவு பனி அன்றைக்கு இல்லை. உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றியவர், "அந்தத் தாளைக் கொண்டா, எந்தக் கணக்குல விட்டே, பார்ப்போம்" என்றார். இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். பின்னக் கணக்கில்தான் கோளாறு. அடுத்த பரீட்சையில் 63 வாங்கினான். அந்தத் தாளை அவனாகவே கொண்டுவந்து கொடுத்தான்.

டிசம்பர் 31, பிட்ஸ்பர்க்கில் கடைசி ஆட்டம். 28க்கு 24 என்று பின்னால் இருந்தும், கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு வாய்ப்பு வந்தது. கைஸர் வீசிய பந்து சரியாகத்தான் போனது. பிடிக்க வேண்டியவர் கையில் பட்டு நழுவிவிட்டது. பதினாறும் போயிற்று. இதற்கு முன் 2008ல் டெட்ராய்ட் லயன்ஸ் மட்டும்தான் பதினாறு ஆட்டத்தையும் தோற்ற டீம் என்றார்கள்.

ஜனவரி 6ஆம் தேதி ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் விட்டார்கள். பூஜ்யத்துக்கு அடையாளமாக வட்டமாக நடந்தார்கள், 'முழுமையான ஸீஸன்' என்று கேலிப் பெயர் வைத்து. கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான பேர் வந்தார்களாம். ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு அதை முன்னிட்டுப் பணமும் சாப்பாட்டுப் பொருளும் சேர்ந்தன. அந்த மட்டில் நல்ல காரியம். நாங்களும் பீன்ஸ் டின்கள் கொடுத்தோம். ஆனால் ஊர்வலத்துக்கு வரமாட்டேன் என்று பையன் சொல்லிவிட்டான். "ஜோ தாமஸ் பார்த்தா என்ன நினைப்பார்?" என்றான். எனக்கும் அவன் பக்கம்தான் மனசு. தோற்றவர்களே சிரித்துக்கொள்வது வேறு, பார்த்தவர்கள் சிரிப்பது வேறு. ஆட்டக்காரர்கள் சிலருக்கும் வருத்தம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மார்ச்சில் ஜோ தாமஸ் ஓய்வு பெற்றார். ஜூன் 1ஆம் தேதி ஹ்யூ ஜாக்சன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற நிஜமாகவே ஈரி ஏரியில் இறங்கி முழுகி எழுந்தார். கைஸரை வேறு டீமுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கணவருக்கு அது மட்டும் ஆறவில்லை.

2018 செப்டம்பர் 20, வியாழக்கிழமை ராத்திரி. மறுநாள் பள்ளிக்கூடம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் பையன் படுக்கவில்லை. நியூயார்க் ஜெட்ஸ் 14க்கு 0 என்று முன்னால் போனார்கள். குவார்ட்டர்பேக் அடிபட்டு வெளியேற, புதுப் பையன் பேக்கர் மேஃபீல்டு உள்ளே வந்தார். கடைசியில் 21க்கு 17. 635 நாளைக்குப் பிறகு முதல் ஜெயம்! ஊரில் வாண வேடிக்கைச் சத்தம் கேட்டது. என் கணவர் ஸோபாவிலேயே தூங்கிப்போயிருந்தார். எழுப்பினோம், நம்பவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் பக்கத்து வீட்டு அம்மாள் இரவு உடையோடு வாசல் விளக்கைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து எங்களுக்கு ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். பையனும் எங்கள் வாசல் விளக்கைப் போட்டு அணைத்தான். மறுநாள் காலையில் மூவரும் நேரம் கழித்து எழுந்ததில் அவன் பஸ்ஸை விட்டுவிட்டான். சாப்பாட்டு டப்பாவையும் மேஜையிலேயே விட்டுப் போனான்.