எழுந்து நிற்கும் நாற்காலி



பொறியியல் முடித்த மகன் வேலைக்குச் செல்லாமல் ஆராய்ச்சிப் பட்டம் படிக்க விரும்புகிறான் என்று வடசேரியில் ஒரு தகப்பனார் கலக்கத்துடன் என்னிடம் சொன்னார். வீட்டுக் கடன் அவருக்குப் பாரமாயிருந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ். என்னும் ஆராய்ச்சிப் பட்டம் உண்டு. எம்.டெக். படிப்பைவிட இதில் பாடங்கள் குறைவு. மாணவர் ஒரு சிக்கலை எடுத்து, ஆராய்ந்து, சோதித்து, ஆய்வேடு எழுத வேண்டும். தகுதியுடையோர்க்கு உதவித்தொகையும் கிடைக்கிறது.

அதே வளாகத்தில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு உருவாக்கிய ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலி 2019-இல் வெளிவந்தது. அமர்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்கவும் மீண்டும் அமரவும் அது உதவுகிறது.

ஆராதனையில் பாடலுக்காகச் சபையார் எழும்போது, சக்கர நாற்காலியிலிருக்கும் நம் சகோதரர் மட்டும் தலைகுனிந்திருப்பதைக் காண்கிறேன். அவருக்கு இப்படியொரு நாற்காலி எத்தனை பெரிய காரியம்! பொறுமையாய் ஆராய்ந்தவர்கள் இருந்ததால் அது உண்டாயிற்று.

ஆகையால் பெற்றோரே, கடனைப்பற்றிப் பிள்ளையோடு மனந்திறந்து பேசுங்கள். அவன் எடுக்கும் ஆராய்ச்சி யாருடைய பாரத்தைக் குறைக்கும் என்றும் கேளுங்கள். பதில் தெளிவாயிருந்தால் ஜெபத்தோடு அனுப்பிவையுங்கள்.