மண்டபத்துக் கடற்கரையில் ஒரு 'மயில்'

ராமேஸ்வரம் போகிற நம்மில் பலர் தீர்த்தமாடி, தரிசனம் முடித்து ஊர் திரும்பிவிடுவோம். சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் பாம்பன் பாலத்துக்கு முன்பே வரும் மண்டபத்திலும் ஒரு நாள் தங்கினோம். அங்கிருந்து தூத்துக்குடி வரை சின்னச் சின்னத் தீவுகள். அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அது.

காலையில் கரைப்பக்கம் போனோம். பெண்கள் வலையிலிருந்து மீன் பிரித்துக் கொண்டிருந்தார்கள். வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு மீன் குட்டைத் தண்ணீரில் கிடந்தது. உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, இரு பக்கமும் விசிறி மாதிரி துடுப்பு.

"அம்மா, மயில் மீன்!" என்று என் சின்னப் பெண் கையை நீட்டினாள். பட்டை போட்ட வண்ணத்துப்பூச்சி மீனாக்கும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

"தொடாத பிள்ளே!" என்று ஒரு பாட்டி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு வெலவெலத்துப் போயிற்று.

"பட்டையைப் பாக்காதம்மா, முதுகைப் பாரு. ஊசி ஊசியா தனித்தனியா நிக்குதா? அம்புட்டும் விஷ முள்ளு. செத்தாலும் விஷம் போகாது."

"இது எங்கே இருக்கும் பாட்டி?"

"பாறை இடுக்குலதான். பகல்ல அசையாமக் கெடக்கும். ஆளைக் கண்டாலும் ஓடாது. பொழுது சாஞ்சாத்தான் இரை தேடும்."

மத்தியானம் அங்குள்ள மீன் காட்சியகத்தில் அதே மீனைக் கண்ணாடிக்குள் பார்த்தோம். பெயர் சிங்க மீன். முதுகில் 13 முட்கள். வண்ணத்துப்பூச்சி மீனோ தட்டுப்போல் சப்பையாக, வாய் கூராக, பாறை மேல் துறுதுறுவென்று மேய்கிற ஜாதி. பட்டை இரண்டுக்கும் உண்டு. முள்ளும் இருப்பிடமும்தான் அடையாளம்!

கடற்கரைக்குப் போகும் தாய்மார்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த முள் குத்திவிட்டால் குத்திய இடத்தைப் பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் அரை மணிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், வலி தணியும். குத்துப்பட்ட இடம் சூடு அறியாது. ஆகவே வெந்நீரை நீங்கள் கைவிட்டுப் பார்த்த பிறகே வையுங்கள். தாமதிக்காமல் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

என் பெண் இன்னமும் அதை 'மயில்' என்றுதான் சொல்கிறாள். "தள்ளி நின்று பார்க்கிற மயில்" என்று நான் திருத்துகிறேன். அந்தப் பாட்டிக்கு என் நமஸ்காரம்.