ஆச்சி... பேக் பட்டன் எங்கே?

கேன்டீன்ல டீ ஆறுறதுக்குள்ள ஒரு கலவரம் கிளப்பணுமா? 'ஆண்ட்ராய்டா, ஐபோனா?'ன்னு சும்மா கேட்டுட்டு நகர்ந்துடுங்க. மிச்சத்தை உங்க கிளாஸ் பார்த்துக்கும்!

'எங்க போனை எப்படி வேணா மாத்தலாம்'னு ஒரு கோஷ்டி காலரைத் தூக்கும். 'எங்களுக்கு மாத்தவே தேவையில்ல'ம்பாங்க எதிர்க்கோஷ்டி. வரலாறு முதல் கோஷ்டி பக்கம்தான் பாஸ். ஹோம் ஸ்கிரீன்ல விட்ஜெட் ஒட்டுற வசதி ஆண்ட்ராய்டுல 2009-லயே வந்தாச்சு. ஐபோன்காரங்க 2020 வரைக்கும் காத்திருந்தாங்க. ஐகான்களுக்கு நடுவுல இஷ்டத்துக்குக் காலி இடம் விடுறது? 2024! (ஒரு காலி இடத்துக்கு இத்தனை வருஷமா?)

நானும் முதல் கோஷ்டிதான். செமஸ்டருக்கு ஒரு லாஞ்சர், மூடுக்கு ஒரு ஐகான் பேக்னு திரிஞ்சவ. ஆனா, போன வருஷம் ஆச்சிக்கு போன் செட் பண்ணினதுல இருந்து இந்தச் சண்டையே எனக்கு வேற மாதிரி தெரியுது.

ஆச்சி தென்காசி பக்கம் தனியா இருக்காங்க. நான் சென்னை ஹாஸ்டல்ல. பழைய பட்டன் போன்ல 2-ஐ அழுத்திப் பிடிச்சா மாமாவுக்குப் போகும், 3-ஐப் பிடிச்சா அம்மாவுக்கு. அது மண்டையைப் போட்டதும் வீட்டுக்கு வந்தது விலை கம்மியான ஒரு ஆண்ட்ராய்டு. லீவுல ஒரு மதியம் பூரா உட்கார்ந்தேன். மெனு மொத்தமும் தமிழ் (2014-ல 5.0 வெர்ஷனோட வந்த வசதி). எழுத்து பெருசு. கீழே தெளிவா மூணு பட்டன். லாஞ்சரை மாத்தி, திரையில நாலே நாலு கட்டம். தொட்டா நேரா கால் போயிடும்.

"முதல் கட்டத்துல யாரு ஆச்சி?"ன்னு கேட்டேன். என் பேர் வரும்னு ஒரு நப்பாசை.

"எதுத்த வீட்டுக்காரியைப் போடு. ஏட்டி, ராத்திரி நெஞ்சு அடைச்சா நீயா மெட்ராஸ்ல இருந்து ஓடி வருவ?"

ரெண்டு மாமாவுக்கு, மூணு அம்மாவுக்கு, நாலு கேஸ் ஏஜென்சிக்கு. நான் லிஸ்ட்லயே இல்ல!

ஐபோன்லயும் இது முடியும். 2023-ல iOS 17-ஓட வந்த 'அசிஸ்டிவ் ஆக்சஸ்' திரையையே பெரிய கட்டங்களா மாத்திடும். ஆனா, அது ஆப்பிள் தைச்ச சட்டை. அளவு நம்மளோடது இல்ல. விலையைப் பத்தி நான் சொல்லணுமா?

சிக்கல் ரெண்டு வாரம் கழிச்சு வந்துச்சு. "போனைத் தொறந்தா ஏதோ பூப் படம் வருது. தொட்டா எங்கயோ கடைக்குப் போகுது." லாக் ஸ்கிரீன் விளம்பரம்! (கம்பெனி பேர் வேண்டாம்.) ஆண்ட்ராய்டை மாத்துற உரிமை நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போன் கம்பெனி கைக்குப் போயிடுது மக்களே. கூகுள் தர்றது ஒண்ணுதான். அதுமேல ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டி விடுறாங்க. அதனால, என் போனைப் பார்த்துக்கிட்டு "செட்டிங்ஸ்ல மூணாவது வரி ஆச்சி"ன்னா, அவங்க போன்ல மூணாவது வரி வேற என்னமோ. முக்கால் மணி நேரம் போராடி, கடைசியில ஆச்சி சத்தத்தை மியூட்ல போட்டுட்டாங்க. ராத்திரி முழுக்க எங்க கால் எதுவும் அவங்களுக்குக் கேக்கல. அம்மா பயந்துபோய் எதுத்த வீட்டுக்குப் போன் போட்டாங்க.

அதே வாரம் என் ரூம்மேட் அவ அப்பாவுக்கு வழி சொன்னதைப் பார்த்தேன். ரெண்டு பேர்கிட்டயும் ஐபோன், ஒரே வெர்ஷன். தன் திரையைப் பார்த்தே "ஜெனரலைத் தொடுங்கப்பா"ங்கிறா. அங்கேயும் அது அதே இடத்துல இருக்கு. ரெண்டே நிமிஷம்! பொறாமையா இருந்துச்சு. அப்புறம் அவர், "பின்னால எப்படிம்மா போறது?"ன்னு கேட்டார். இடது ஓரத்துல இருந்து தள்ளணும். சில ஆப்ல அதுவும் வேலை செய்யாது. அதுக்குப் பத்து நிமிஷம். (அல்ப சந்தோஷம்தான்!)

வீட்டுப் பெரியவங்களுக்கு போன் வாங்கப் போறீங்களா? கேமராவை அப்புறம் பாருங்க. 'எங்க தொடணும்?'னு அவங்க யாருக்குப் போன் பண்ணுவாங்களோ, அந்த ஆள் கையில இருக்கிற கம்பெனி போனையே வாங்குங்க.

பொங்கல் லீவுல போய் அந்தப் பூவை எடுத்துட்டேன். 'இப்பவாவது நாலாவது கட்டத்துல என்னைப் போடலாமே ஆச்சி'ன்னு கேட்டேன்.

"கேஸுக்கு என்ன செய்ய? அஞ்சாவது ஒண்ணு போட முடியாதா இதுல?"

முடியும். போட்டாச்சு!