காது கேட்காத மேடை

மனசுக்கு ஒட்டாமல் போன கச்சேரிகளை நினைத்தால் கம்மிய தொண்டையோ தவறிய தாளமோ எனக்கு ஞாபகம் வருவதில்லை. பாடகரின் சுட்டுவிரல்தான் வருகிறது. மார்கழி மாதம், சென்னையில் ஒரு சபா. மேடையில் நான் வானொலியில் கேட்டு வளர்ந்த வித்வான். வர்ணம் முடிவதற்குள் அவர் விரல் ஒலி அமைப்பாளரைப் பார்த்து மேலே உயர்ந்தது. எதிரே இருந்த மானிட்டர் ஸ்பீக்கரில் தன் குரல் போதவில்லை என்று அர்த்தம். குரலைக் கூட்டியதும் வயலின்காரருக்குத் தன் வில் கேட்கவில்லை. அவரும் விரலை உயர்த்தினார். பிறகு மிருதங்கம், பிறகு கடம். ஒவ்வொருவர் கேட்டதும் நியாயம்தான். எல்லாருக்கும் கூட்டிக்கொடுத்தபின் மானிட்டரின் சத்தத்தையே மைக் திரும்ப வாங்கிக்கொண்டு வீலென்று ஊளையிட்டது. பாடகர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அன்று பிரதான ராகம் தோடி. காந்தாரம் அசைகிற அசைவில்தான் அந்த ராகத்தின் உயிரே இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தம்புராவை மீட்டிக்கொண்டேதான் இருந்தார். விரல் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது, நாதம் ஒருவர் காதிலும் விழவில்லை. சாய்ந்துகொள்ளச் சுருதி கிடைக்காத குரல், நுணுக்கத்தை விட்டுவிட்டு பலத்தைப் பிடித்துக்கொண்டது.

தோடி என்றால் எங்கள் வீட்டில் நாயன வித்வான் ராஜரத்தினம் பிள்ளை. தாத்தா அவரைக் கோயில் வீதியில் நின்று கேட்டவர். திமிரி நாயனம் கோலோச்சிய காலத்தில், நீளம் கூடிய, சுருதி குறைந்த பாரி நாயனத்தைத் தன் வாத்தியமாக்கிக்கொண்டவர் பிள்ளை. அதை வடித்துக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. ஆச்சா மரத்தில் கடைந்த அந்தக் குழல், திறந்தவெளியை நிறைப்பதற்கென்றே பிறந்தது. தாத்தாவின் விவரிப்பில் எப்போதும் தூரம் வரும். சந்நிதித் தெருவில் கேட்டது ஒரு மாதிரி, குளக்கரையில் கேட்டது வேறு மாதிரி என்பார்.

எனக்கு அந்த தூரம் வாய்க்கவில்லை. நான் பார்த்த சாமி புறப்பாட்டில் நாயனத்தின் அணசுக்கு நேராக ஒரு மைக், தவிலுக்கு இரண்டு பக்கமும் மைக், பின்னாலேயே டியூப் லைட்டுகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வண்டி. வாசித்தவர் நல்ல ஞானஸ்தர். கல்யாணியில் மெல்ல ஒரு பிடியை எடுத்தார், அது ஜெனரேட்டர் இரைச்சலில் கரைந்தது. இரண்டாம் முறை அதையே அழுத்தி ஊதினார். மூன்றாம் முறை முயலாமல் ஒரு துக்கடாவுக்குப் போய்விட்டார்.

அதே கோயில் திடலில், அதே திருவிழாவில், நள்ளிரவு தாண்டி மெல்லிசைக் கச்சேரி நடக்கும். இளையராஜா பாட்டுக்காகவே விழித்திருப்போம். அவர் பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு அடியில் ஓடும். திடலைச் சுற்றிக் கட்டியிருந்ததோ குழாய் ஸ்பீக்கர். அது பேச்சைக் கத்திச் சொல்லும், கீழ் ஸ்தாயியைத் தொடாது. மேடையோரம் நின்ற பேஸ் கிட்டார்காரர் ஒவ்வொரு பாட்டையும் ஒழுங்காக வாசித்தார். அவர் இடது கை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். ஊர் அவரைக் கேட்கவே இல்லை. இப்போது பல குழுக்களில் அந்த ஆளே இல்லை. பதிவு செய்த ட்ராக் ஓடுகிறது. பாடுகிறவர் மூச்சு வாங்க அரை நொடி நின்றால், வாசிக்கிற ஆள் காத்திருப்பார், ட்ராக் காத்திருக்காது.

காத்திருப்பது என்றதும் மார்கழி அரங்கு திரும்ப வருகிறது. தனி ஆவர்த்தனத்துக்குப் பாடகர் கையைக் காட்டியதும் பாதி அரங்கு எழுந்து கேன்டீனுக்கு நடந்தது. நாற்காலிகள் படபடவென்று மடங்கின. மிருதங்க வித்வான் சாயங்காலமே தொப்பிக்கு ரவை பூசி, கல்லும் புள்ளும் கொண்டு வலந்தலையைச் சுருதிக்குக் கொண்டுவந்தவர். ஏசிக் குளிரில் தோல் மாறியது, நடுவில் மறுபடி தட்டிச் சேர்த்தார். அவ்வளவு பாடுபட்டவர் எழுந்து போகிற முதுகுகளை ஒரு முறை பார்த்தார். கணக்கைச் சுருக்கி சீக்கிரமே கோர்வைக்கு வந்துவிட்டார். அன்றைய கச்சேரி கெட்டதில் கேட்க வந்த எங்கள் பக்கத்துக்கும் பங்கு உண்டு.

குரல் நன்றாக இருந்தால்தான் கச்சேரி நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் பாடகர் செம்மங்குடியை நினைத்துக்கொள்கிறேன். இயற்கை அவருக்கு எளிதான சாரீரத்தைக் கொடுக்கவில்லை. சாதகத்தால் அதை வசப்படுத்தி, முதுமையிலும் சபையைக் கட்டிப்போட்டார். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரோ மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர். மைக் இல்லாத மேடையில் ஒருவர் குரலுக்கு இன்னொருவர் கையை அடக்கியே தீரவேண்டும். அந்த அடக்கத்துக்குள்தான் பக்கவாத்தியம் என்ற கலையே இருக்கிறது. அவர் காப்பாற்ற நினைத்தது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மைக் இல்லாத அந்த மேடைக்கு நேரெதிர்க் கோடியில், 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தது. டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் நெரிசலில் தவித்து, பலர் அழுதுகொண்டே திரும்பினார்கள். அங்கே குறை பாட்டில் இல்லை. வருகிறவர் நின்று, மூச்சுவிட்டு, நிம்மதியாகக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்ற கணக்கில் இருந்தது. ஊர்த் திடலின் குழாய் ஸ்பீக்கர் முதல் அந்தப் பெருங்கூட்டம் வரை எனக்கு ஒரே குறைதான் தெரிகிறது. வாசிப்பதற்கு ஏற்பாடு செய்கிறோம், கேட்பதற்குச் செய்வதில்லை.

மார்கழியில் ஒரே மேடையில் ஒரு கச்சேரி முடிந்ததும் அடுத்தது ஏறுகிறது. ஒலியைச் சரிபார்க்க நேரமே இருப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு கச்சேரியைக் குறைத்து, அந்த நேரத்தைக் கலைஞர்களுக்குக் கொடுங்கள் என்பதுதான் சபாக்காரர்களிடம் என் வேண்டுகோள். திரை விலகுவதற்கு முன் ஐந்து பேரும் உட்கார்ந்து, முதலில் தம்புராவைக் கேட்கட்டும். பிறகு ஒருவரையொருவர் கேட்கட்டும். அவர்கள் காதில் விழுந்தது எங்கள் காதிலும் விழும்.